இமாம் கஸ்ஸாலி (ரஹ்) கண்டடைந்த நோக்கம்

மனிதன் உழைக்கிறான், பொருள் ஈட்டுகிறான், பட்டமும் பதவியும் பெறுகிறான். இவை யாவும் எதற்காக என்று ஒரு நாள் அவனுடைய உள்ளமே அவனைக் கேட்கிறது. இஸ்லாமிய வரலாற்றில் இக்கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தவர்களுள் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் அபூ ஹாமித் அல் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் முதன்மையானவர்கள்.

ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) குராஸானின் தூஸ் நகரில் பிறந்தார்கள் என்பது பெரும்பாலோர் கூற்று. நைஸாப்பூரில் இமாமுல் ஹரமைன் அல் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் கல்வி கற்றார்கள். ஸல்ஜூக் பேரரசின் அமைச்சரான நிஜாமுல் முல்க், 1091இல் இவர்களைப் பக்தாதின் நிஜாமிய்யா கலாசாலைக்கு ஆசிரியராக நியமித்தார். 300 மாணவர்கள் இவர்களிடம் பாடம் கேட்டார்கள். அரசவையிலும் அறிஞர் அவையிலும் இவர்களின் சொல்லுக்குத் தனி மதிப்பிருந்தது.

உலகோர் கண்ணுக்கு எக்குறையும் இல்லாத அந்த வாழ்வில்தான் இமாமவர்கள் தம் நிய்யத்தை எடை போட்டுப் பார்த்தார்கள். தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா என்று தம்மையே வினவினார்கள். புகழே தம்மைச் செலுத்துகிறது என்ற விடை கிடைத்தபோது உள்ளம் நடுங்கியது. ஹிஜ்ரி 488 ரஜபில் (1095) தொடங்கிய இப்போராட்டம் ஏறத்தாழ ஆறு மாதங்கள் நீடித்தது. ஒரு கட்டத்தில் பாடம் சொல்ல நா எழவில்லை, உணவும் உட்செல்லவில்லை. நோய் உள்ளத்தில் இருக்கிறது எனக் கூறி மருத்துவர்கள் கைவிட்டனர். இவற்றையெல்லாம் இமாமவர்களே 'அல் முன்கித் மினள் ளலால்' என்னும் நூலில் மறைக்காது எழுதியுள்ளார்கள்.

நிஜாமுல் முல்க் 1092இல் கொலையுண்டதை வைத்து, அரசியல் அச்சமே இமாமவர்களை வெளியேறச் செய்தது என்பாரும் உளர். அச்சம் மட்டுமே காரணமாயின், பின்னர் அவர்கள் வாழ்ந்த வாழ்வை அது விளக்காது என்பதே நம் கருத்து.

தம் குடும்பத்தின் பிழைப்புக்கு வேண்டியதை மட்டும் நிறுத்திக்கொண்டு, மீதிச் செல்வத்தை ஈந்துவிட்டுப் பக்தாதை நீங்கினார்கள். திமிஷ்கில் பள்ளிவாசல் மினாராவில் கதவடைத்துத் தனித்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸுக்கும், பின்னர் ஹஜ்ஜுக்கும் சென்றார்கள். நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில், அரசர்களை நாடிச் செல்வதில்லை, அவர்களிடம் பொருள் பெறுவதில்லை, வாதப் போரில் இறங்குவதில்லை என உறுதி பூண்டார்கள். பிறகு பிள்ளைகளின் அழைப்பு அவர்களைத் தாயகம் திரும்பச் செய்தது. 40 பகுதிகள் கொண்ட 'இஹ்யா உலூமித்தீன்' அந்த ஆண்டுகளின் கனியாகும். நிய்யத்துக்கும் இக்லாஸுக்கும் அதில் தனிப் பகுதியே உண்டு.

இவ்வளவோடு வரலாறு முடிந்திருந்தால், உலகைத் துறந்த ஒருவரின் கதையாகவே அது நின்றிருக்கும். ஆனால் ஹிஜ்ரி 499இல் (1106) நிஜாமுல் முல்கின் மகனான அமைச்சர் ஃபக்ருல் முல்கின் வேண்டுகோளுக்கு இணங்கி, நைஸாப்பூர் நிஜாமிய்யாவில் மீண்டும் பாடம் நடத்த அமர்ந்தார்கள். நல்லடியார்கள் பலரைக் கலந்த பின்னரே இதற்கு இசைந்தார்கள். விட்டு வந்த அதே பணி! ஆயினும் முன்னர் புகழைத் தேடித் தரும் கல்வியைப் போதித்ததாகவும், இப்போது புகழைத் துறக்கச் செய்யும் கல்வியின்பால் அழைப்பதாகவும் அவர்களே விளக்கினார்கள். இறுதியில் தூஸில் தம் இல்லத்தருகே மாணவர்க்குப் போதித்து, 1111இல் இறையடி சேர்ந்தார்கள்.

நம் இல்லங்களுக்கு இதில் பெரும் படிப்பினை உண்டு. பிள்ளைகளிடம் 'என்ன படிக்கப் போகிறாய்?' என்று கேட்கும் நாம், 'எதற்காகப் படிக்கப் போகிறாய்?' என்று கேட்பது அரிது. நோக்கம் என்பது எங்கோ தொலைவில் புதிதாகக் கிடைக்கும் பொருளன்று. கடையில் தராசு பிடிப்பவரும், அடுப்படியில் சமைப்பவரும், பள்ளியில் பாடம் சொல்பவரும் செய்துவரும் பணியிலேயே நிய்யத்தைச் சீர்செய்தால் அப்பணி இபாதத்தாகிறது. ஈடுபாடும் அதிலிருந்தே பிறக்கிறது. புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஹதீஸ் தொகுப்பை நிய்யத் பற்றிய நபிமொழியோடு தொடங்கியது இதனை நமக்கு நினைவூட்டுகிறது.

வல்ல அல்லாஹ் நம் நிய்யத்துகளைத் தூய்மையாக்கி அருள்வானாக! ஆமீன்.