நீல மேற்சட்டையும் உழைக்கும் பெண்ணும்

உடையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலர் அரசவையின் பட்டாடைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினர். உழைப்பாளியின் பருத்திச் சட்டைக்கு ஓரிரு வரிகளே ஒதுக்கினர். இன்று மேலைநாட்டு நகரங்களிலே பெண்கள் அன்றாடம் அணிவதற்கென விற்கப்படும் தடித்த பருத்தி மேற்சட்டை, அவர்கள் புறக்கணித்த அந்தச் சட்டையின் வழிவந்ததேயாகும். ஆதலின் அதன் வரலாற்றை நாம் சிறிது நோக்குதல் தகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பிரான்சின் தொழிற்சாலைகளில் உழைத்தோர் அணிந்த நீலச் சட்டையே இதன் மூலம். நேரான வெட்டு, உறுதியான துணி, கருவிகளை இட்டுக்கொள்ள வெளிப்புறத்தே தைத்த பெரிய பைகள் ஆகிய யாவும் வேலையின் தேவையாற் பிறந்தவை. அழுக்கை எளிதிற் காட்டாத காரணத்தால் நீல நிறம் விரும்பப்பட்டது. அந்த நீலத்துக்கும் ஒரு துயர வரலாறு உண்டு. ஐரோப்பியத் துணிக்குச் சாயம் வேண்டி, வங்காளத்து உழவர் நெல் விளையும் நிலத்திலே அவுரி பயிரிட நிர்ப்பந்திக்கப்பட்டனர். முன்பணக் கடனிற் சிக்கி அல்லலுற்ற அவர்கள் 1859இல் கிளர்ந்தெழுந்தனர். 1897இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபின் இந்திய அவுரி வாணிபம் விரைந்து வீழ்ந்தது.

தொழிலாளியின் உடை பெண்ணுக்கு எவ்வாறு உரியதாயிற்று? முதலாம் உலகப் போரிலே ஆண்கள் களஞ்சென்றதும், பிரித்தானியாவின் போர்த்தளவாட ஆலைகளிலே 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வேலைக்கு அமர்த்தப்பட்டனர். நீண்ட பாவாடை இயந்திரத்துக்கு ஒவ்வாதாகையால், தளர்ந்த பருத்தி மேலுடையும் தலைக்கவிப்பும் அவர்களுக்கு அளிக்கப்பட்டன. தீப்பொறிக்கு அஞ்சிக் கொண்டையூசியும் தடுக்கப்பட்டது. வெடிமருந்தின் நஞ்சினாற் பலருடைய தோல் மஞ்சள் நிறமாயிற்று. ஆயினும் பெரும்பாலோர் ஆண்களிலும் குறைந்த கூலியே பெற்றனர். 1919இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, போருக்கு முந்திய தொழில் வழக்கங்களை மீட்பதாகக் கூறி, அவர்கள் ஆலைகளிலிருந்து வெளியேற்றப்பட வழிசெய்தது. இருபத்திரண்டு ஆண்டுகளின் பின், 1941 டிசம்பரிலே, அதே நாட்டின் நாடாளுமன்றம் மணமாகாத இளம் பெண்களைப் போர்ப்பணிக்குக் கட்டாயமாக அழைக்கச் சட்டம் இயற்றியது. எந்த வேலையும் எந்த உடையும் பெண்ணுக்குத் தகும் என்பதை உழைப்புச் சந்தையின் தேவையே தீர்மானித்தது என்பதற்கு இவை சான்று.

எனினும், இயந்திரத்தருகே நின்ற பெண்கள் பெற்ற தன்னம்பிக்கையை எச்சட்டத்தாலும் பறிக்க இயலவில்லை. கையை வீசி நடக்க இடமும், சொந்தப் பணத்தை வைக்கப் பையும் உள்ள உடையைப் பின்வந்த தலைமுறையினர் தம் விருப்பினாலேயே அணிந்தனர். இதனை வெறும் நாகரிக மோகமெனத் தள்ளுதல் பொருந்தாது.

ஆனால் இத்தகைய ஆடைகளைத் தைப்போர் யாவர்? அவர்களும் பெரும்பாலும் பெண்களே. 1978இல் கட்டுநாயக்காவில் அமைந்த ஏற்றுமதி வலயத்துக்குக் கிராமங்களிலிருந்து இளம் பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்தனர். போருக்குப் பின் வன்னியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. 2011 மே மாதத்தில், ஓய்வூதிய மசோதாவொன்றை எதிர்த்துக் கட்டுநாயக்காத் தொழிலாளர் வீதியில் இறங்கினர். பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இளந்தொழிலாளி ஒருவர் பலியானார், மசோதா கைவிடப்பட்டது. அவுரி உழவர் கிளர்ந்த வங்க மண்ணின் ஒரு பகுதியான வங்காளதேசத்திலே, சாவார் என்னுமிடத்தில், சுவரில் வெடிப்புக் கண்டு அஞ்சிய தொழிலாளர் 2013 ஏப்ரல் 24இல் மீண்டும் வேலைக்கு அனுப்பப்பட்டனர். எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

வகுப்பறையிலே கைத்தொழிற் புரட்சியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், மாணவர் அணிந்துள்ள சட்டையிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். சாயம் எங்கிருந்து வந்தது, துணியை நெய்தவர் யார், தைத்தவருக்குக் கிடைத்த கூலி எவ்வளவு என்று வினவப் பழகும் மாணவர், வரலாற்றைப் படைப்போர் யார் என்பதையும் தாமாகவே கண்டுகொள்வர்.