இரு முறை அந்நியரானவர்கள்



ஜூபிலி மலரில் கோயில் கட்டிய வரலாற்றை எழுதுவது மரபு. இக்கோயிலில் முழந்தாளிட்ட மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் எழுதிவைக்க விழைகிறேன். நம் பழைய திருமண ஏட்டைப் புரட்டினால், ‘பிறந்த இடம்’ என்ற கட்டத்தில் அட்டன், பதுளை, நுவரெலியா, பண்டாரவளை என்ற பெயர்கள் வரிசையாக வரும். நீலகிரியின் இத்தேயிலைச் சரிவுக்கு அவர்கள் வந்த கதை, இரண்டு கடற்பயணங்களின் கதையாகும்.

1820-களில் ஆங்கிலேயர் கண்டி மலைநாட்டில் காப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். பஞ்சமும் கடனும் துரத்திய திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் சீமை மக்கள் கங்காணிமாரின் பின்னே தோணியேறி, மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். காலராவாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1869-ல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867-ல் பயிரிடத் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. லயக் காம்பிராவில் பிறந்து, பேராட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, கொழுந்து பறித்து, அம்மண்ணிலேயே அடங்கிய தலைமுறைகள் பல. விசுவாசமும் அவர்களோடு சென்றது. மடு மாதா திருவிழாவுக்கு மலையிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கிப் போனதை நம் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள்.

இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-ஆம் ஆண்டிலேயே, புதிய குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இறைவன் தம் சாயலாகப் படைத்த மக்கள் இவ்வாறு எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டனர். அண்ணன் இந்தியாவுக்கும் தங்கை இலங்கைக்கும் ஆன குடும்பங்கள் நம் பங்கிலேயே உண்டு.

தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ கப்பலேறியவர்கள் இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்கு வந்தனர். முற்காலத்தில் தோட்டங்களுக்குச் செல்வோரை நோய்த்தடுப்புக்காக இருத்திச் சோதித்து அனுப்பிய முகாமும் அதுவே! அரசு இவர்களுக்குத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயரிட்டது. ஒருநாளும் கண்டறியாத ஊருக்கு ஒருவர் எவ்வாறு திரும்ப முடியும்? மூடுபனியில் வளர்ந்த உடம்பு சமவெளி வெயிலில் வாடியது. கவ்வாத்து வெட்டவும் கொழுந்து எடுக்கவும் மட்டுமே அறிந்தவர்கள் கடன் பெற்றுப் பெட்டிக்கடை வைத்து நொடித்துப்போயினர். இடைத்தரகரிடம் பணத்தைப் பறிகொடுத்தோரும், கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகளாய்ச் சிக்கியோரும் உண்டு. பலர் தாம் அறிந்த வேலையைத் தேடி நீலகிரிக்கு ஏறினர். 1968 முதல் தமிழக அரசு இவர்களுக்கென இங்கே தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது.

துணிப்பெட்டியில் சேலைகளுக்கு நடுவே மடு மாதா படத்தை வைத்துக் கொண்டுவந்தவர்கள் இவர்கள். திருமண ஓலை வாசிக்க ஞானஸ்நானச் சான்று வேண்டுமே! அது கடலுக்கு அப்பாலுள்ள பங்கிலிருந்து வரவேண்டும். 1983 கலவரத்துக்குப் பின், 1984-ல் கப்பலும் நின்றது. கடிதத்துக்குக் காத்திருந்த மணமக்களின் கண்ணீரை அந்தப் பழைய ஏடு அறியும். அங்கே ‘இந்தியாக்காரன்’ என்று ஒதுக்கப்பட்டவர்கள், இங்கே ‘சிலோன்காரன்’ என்று அழைக்கப்பட்டனர்.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952-ல் வெளியிட்ட ஆவணத்தில், எகிப்துக்கு அகதியாய்ச் சென்ற திருக்குடும்பத்தை, புலம்பெயரும் அனைவருக்கும் முன்மாதிரியும் பாதுகாவலுமாகக் காட்டினார். ஆகவே நம் பெரியவர்களின் துன்பத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகளே, உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு இவ்வரலாற்றை எழுதி வையுங்கள். கேட்பதற்கு இன்னும் சிலரே எஞ்சியிருக்கிறார்கள்.

மற்றொன்றையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். இன்று நம் தோட்டங்களில் ஜார்க்கண்ட், அசாம் மாநிலத்தவர் கொழுந்து பறிக்கின்றனர். அவர்களில் கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு. ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் நிற்கிறார்கள். நம் மொழி புரியாவிட்டாலும் சிலுவை அடையாளத்தை நம்மோடு சேர்ந்து வரைகிறார்கள். அவர்களை ‘வடக்கத்தியான்’ என்று அலட்சியமாகச் சொல்லும் நாவு, ‘சிலோன்காரன்’ என்ற சொல் சுட்ட வீட்டில் பிறந்த நாவு என்பதை மறக்கலாகாது.

ஜூபிலி ஆண்டில் ஒவ்வொருவரும் தம் நிலத்துக்குத் திரும்பவேண்டும் என்று லேவியர் ஆகமம் விதிக்கிறது. எகிப்தில் அந்நியராயிருந்த இஸ்ராயேலர், தம்மிடையே வாழும் அந்நியரை நேசிக்கவேண்டும் என்பதும் அதே நூலின் கட்டளையே. திரும்பிச் செல்ல நிலமில்லாதவர்களுக்கு இக்கோயிலே நிலமாயிற்று. இந்த ஜூபிலி ஆண்டில் ஒவ்வோர் அன்பியமும் அத்தகைய ஒரு குடும்பத்தையாவது தன் செபக் கூட்டத்துக்கு அழைக்கட்டும். அதுவே நம் முன்னோருக்கு நாம் செலுத்தும் நன்றிப்பலி.

எல்லாம் வல்ல இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!

– உங்கள் பங்குத்தந்தை