வானம் பார்த்த விமானங்கள்

ஒரு பொருளை உடைப்பது சுலபம். உடைத்துவிட்டேன் என்று பகையாளியை நம்பவைப்பதுதான் பிரம்மப் பிரயத்தனம். பாகப் பிரிவினையில் மனக்கசப்புக் கொண்ட அண்ணன் தம்பிகள், நாலு பெரிய மனிதர்களைக் கூட்டிவைத்து, அவர்கள் கண்ணெதிரே அளந்து கல் நடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வல்லரசுகளுக்குள் அப்படி ஒரு காரியம் நடக்க வேண்டுமானால், நடுவே உட்கார எந்தப் பெரிய மனிதர் இருக்கிறார்? அவர்கள் ஆகாயத்தையே சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் டூசான் என்று ஒரு பட்டணம். அதன் ஓரத்தில் டேவிஸ்-மான்தன் என்னும் விமானப் படைத் தளம். வேலை முடிந்த பட்டாள விமானங்களை 1946 முதல் அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். இடம் சுமார் 2,600 ஏக்கர். மழை குறைவு, காற்றில் ஈரம் இல்லை, உலோகம் எளிதில் அரிபடாது. மண்ணோ கல்லாக இறுகிய சுண்ணாம்பு மண். தளம் போடாமலே ராட்சத விமானங்களை நிறுத்தலாம், சக்கரம் புதையாது. 1945-இல் ஹிரோஷிமாவின்மீது அணுகுண்டைப் போட்ட 'எனோலா கே' விமானமும் 1946-இல் அங்கே வந்து நின்றதுதான்.

இந்த மைதானத்தைப் பார்க்க இன்று கப்பலேற வேண்டாம், விமானமேற வேண்டாம். 2005-இல் 'கூகிள் எர்த்' வந்த பிறகு, வீட்டு மேஜையிலிருந்தே பார்த்துவிடலாம். எழுதிக்கொண்டிருந்த அத்தியாயத்தைப் பாதியில் விட்டுவிட்டு நான் அங்கே சுற்றிய இரவுகள் பல. கோலப் புள்ளிகளைப்போல வரிசை வரிசையாக விமானங்கள். எது எந்த ரகம் என்று கண்டுபிடிப்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது. இறக்கையின் நீளத்தை அளக்கலாம், எஞ்சின்களை எண்ணலாம். இறக்கைக்கு அடியில் இரண்டிரண்டாக எட்டு எஞ்சின் தொங்கினால் அது பி-52 என்னும் குண்டு விமானம். நிழலும் துப்புச் சொல்லும். பழைய பி-52-களுக்கு வால் உயரம். பிந்திய ரகங்களுக்குக் குட்டை. மேலிருந்து பார்த்தால் தெரியாத அந்த வித்தியாசத்தைத் தரையில் விழும் நிழல் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படித் தேடும்போதுதான் அந்த வரிசைகள் கண்ணில் பட்டன. இறக்கைகள் வேறு, உடல் வேறு, வால் வேறாக வெட்டிப் போட்ட பி-52-கள்! உபயோகமற்ற விமானத்தை உடைத்து விற்பது உலக வழக்கம். ஆனால் ஒவ்வொன்றையும் ஒரே மாதிரி, ஐந்தே துண்டாக வெட்டி, அப்படியே வெயிலில் விட்டுவைப்பானேன்?

காரணத்தை அறிய 1955-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு மாஸ்கோவில் நடந்த விமானக் காட்சியில் சோவியத் குண்டு விமானங்கள் அணியணியாகப் பறந்தன. எண்ணிப் பார்த்த அமெரிக்கர்களுக்கு வயிற்றைக் கலக்கிற்று. போனவையே சுற்றி வந்து மறுபடியும் பறந்தன என்று பின்னாளில் சொன்னார்கள். கண்ணால் கண்டதும் பொய் என்று நம் பாட்டிமார் சொன்னது வீண்போகவில்லை. அந்தப் பயத்தில் அமெரிக்கா பி-52-களை மேலும் வேகமாகக் கட்டியது. 1962-இல் உற்பத்தி முடிந்தபோது மொத்தம் 744.

உண்மையை அறிய 1956-இல் யு-2 விமானம் சோவியத் நாட்டின்மேல் களவாகப் பறந்தது. எதிர்பார்த்த குண்டு விமானப் பட்டாளம் அங்கே இல்லை! 1960 மே முதல் தேதி அப்படிப் போன ஒரு யு-2-வை ருஷ்யர்கள் சுட்டு வீழ்த்தினார்கள். அதே ஆகஸ்டில் அமெரிக்காவின் உளவுத் துணைக்கோள் வேலையைத் தொடங்கிவிட்டது. படம் எடுத்த பிலிம் சுருளை ஒரு கூட்டில் வைத்து அது கீழே போடும். பாராசூட்டில் இறங்கும் கூட்டை, பசிபிக் கடலின்மேல் விமானம் ஒன்று கொக்கி போட்டுப் பிடிக்கும். யு-2 விமானங்கள் நாலு வருஷத்தில் எடுத்ததைவிட அதிகமான நிலப்பரப்பு அந்த முதல் சுருளிலேயே இருந்தது. இந்தச் சங்கதி 1995 வரை அரசாங்க ரகசியம்.

இரண்டு பேருக்கும் மேலே கண் இருக்கிறது என்று ஆனபின், 1972-இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். உன் கண்ணை நான் குத்துவதில்லை. நீ பார்க்க வேண்டியதை மூடி மறைப்பதும் இல்லை. திருடனுக்கும் காவல்காரனுக்கும் இடையே உள்ள ஒப்பந்தமா இது? இல்லை, இரண்டு பேரும் திருடர்கள், இரண்டு பேரும் காவல்காரர்கள்!

இதன் உச்சம்தான் 1991 ஜூலை 31-இல் புஷ்ஷும் கோர்பச்சேவும் மாஸ்கோவில் கையெழுத்திட்ட 'ஸ்டார்ட்' ஒப்பந்தம். 1994 டிசம்பரில் அது அமலுக்கு வந்தபோது சோவியத் நாடே இல்லை. ஆனாலும் ஒப்பந்தம் நின்றது. அதன்படி டேவிஸ்-மான்தனில் 365 பி-52-கள் தலை கொடுத்தன. சுமார் ஆறு டன் எடையுள்ள எஃகு வெட்டுக்கத்தியைக் கிரேனில் தூக்கி மேலிருந்து போட்டார்கள். வால் ஒரு துண்டு, இறக்கைகள் இரண்டு, உடல் இரண்டு. பிறகு தொண்ணூறு நாள் துண்டுகளை யாரும் அசைக்கக்கூடாது. ருஷ்யாவின் துணைக்கோள் மேலே வந்து, பார்த்து, எண்ணிக்கொண்டு போக வேண்டுமே!

1972 டிசம்பரில் ஹனோய் நகரின்மீது குண்டு மாரி பொழிந்த ரகங்களும் அந்த வரிசைகளில் கிடந்தன. அந்தக் குண்டுகளில் மாண்டவர்களின் வீட்டார் இந்தத் துண்டுகளைக் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். நியாயம் கிடைத்தது என்று நினைக்கமாட்டார்கள். இனி இது பறக்காது என்ற மட்டிலுமாவது ஒரு மூச்சு விடுவார்கள்.

ஆனால் அந்த மைதானத்தை வெறும் மயானம் என்று நினைத்துவிடக் கூடாது. 2008-இல் அங்கே வந்து ஓய்ந்த ஒரு பி-52, 2015-இல் மறுபடி எழுந்து பறந்தது. 2019-இல் இன்னொன்று எழுந்தது. வெட்டாமல் வைத்தது வெறுமே தூங்குகிறது, அவ்வளவுதான். ஆகவேதான் அந்தத் தொண்ணூறு நாள் சாட்சியத்துக்கு அத்தனை மதிப்பு.

மதிப்பு தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். ஒருவர் நாட்டின்மேல் மற்றவர் நிராயுத விமானத்தில் பறந்து பார்க்க இடம் தந்த 'திறந்த வானம்' ஒப்பந்தத்திலிருந்து 2020-இல் அமெரிக்காவும் 2021-இல் ருஷ்யாவும் விலகிக்கொண்டன. 'புதிய ஸ்டார்ட்' ஒப்பந்தத்தில் தன் பங்கை 2023-இல் ருஷ்யா நிறுத்திவைத்தது. ஒரு காலத்தில் ஜனாதிபதிகள் மட்டுமே கண்ட வானத்துப் படத்தை இன்று பள்ளிக்கூடத்துப் பையன் பார்க்கிறான். பார்க்கிற கண்கள் இப்படிப் பெருகிய காலத்திலா, வெட்டிப்போட்டு 'வந்து எண்ணிக்கொள்' என்று சொல்கிற மனம் சுருங்க வேண்டும்?