ஈரமும் பதமும்: குறள் முதல் கொள்முதல் நிலையம் வரை

முன்னுரை

ஈரம் என்னும் சொல் தமிழில் நீர்க்கசிவை மட்டும் குறிப்பதன்று. அன்பையும் இரக்கத்தையும் சேர்த்தே குறிக்கும். இரக்கமற்றவரை 'நெஞ்சில் ஈரமில்லாதவர்' எனச் சுட்டும் வழக்கு இன்றும் உள்ளது. எனினும், அன்றாட வாழ்வில் ஈரம் எங்கும் எப்போதும் விரும்பப்பட்டதில்லை. எவ்விடத்தில், எப்பொழுதில், எவ்வளவு என்பவையே அதன் பொருளை வரையறுத்தன. அவ்வளவைத் தீர்மானிப்பவர் யார் என்பது காலந்தோறும் மாறி வந்துள்ளதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறளில் மூன்று ஈரங்கள்

திருக்குறளின் இனியவை கூறல் அதிகாரத்தில் (91) வரும் ஈரம் என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் அன்பு எனப் பொருள் கொள்கிறார். கயமை அதிகாரத்தில் (1077) வருவது உண்டபின் கழுவிய கையின் ஈரம். அதைக்கூடப் பிறர்மேல் உதறாத கயவரின் கருமித்தனம் அங்குப் பேசப்படுகிறது. உழவு அதிகாரமோ (1037) ஈரத்தை நீக்கச் சொல்கிறது. ஒரு பலம் புழுதி கால் பலம் ஆகும்வரை நிலத்தைக் காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாது பயிர் விளையும் என்பது அதன் கருத்து. இங்கு ஈரத்தின் இழப்பு எடைக்குறைவால் அளக்கப்படுகிறது. இன்றைய ஆய்வுக்கூடங்களில் மண்ணை உலர்த்தி எடைபார்க்கும் முறையின் அடிப்படையும் இதுவே. காயவிடும் பொழுதைத் தேர்பவர் உழவரே என்பது கருதத்தக்கது.

தானியத்தின் ஈரம்

பதம் என்பது பக்குவத்தைக் குறிக்கும் சொல். உழவுக்கு ஏற்ற மண்ணின் ஈரத்தைக் காலடியிலும் கைப்பிடியிலும், நெல்லின் காய்ச்சலைப் பல்லால் கடித்தும் உழவர் அறிந்தனர். இன்று 'ஈரப்பதம்' என்பது கருவி காட்டும் விழுக்காடாகிவிட்டது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 17 விழுக்காடு வரை ஈரமுள்ள நெல்லே ஏற்கப்படும் என்பது பொதுவிதி. இதற்குக் காரணம் உண்டு. ஈரம் மிகுந்த நெல் குவியலில் சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி நிறம் மாறும்.

காவிரிப் படுகையின் குறுவை அறுவடையோ வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தை ஒட்டி அமைகிறது. களத்தில் இடமின்றிச் சாலைகளில் நெல்லைப் பரப்பி உழவர் வெயிலுக்குக் காத்திருக்க நேர்கிறது. 2022 அக்டோபரில் 19 விழுக்காடு வரையும், 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு வரையும் ஒன்றிய அரசு வரம்பைத் தளர்த்தியது. அளவுகோல் இயற்கையின் விதி மட்டுமன்று, ஆட்சிமுடிவும் ஆகும் என்பதை இத்தளர்வுகள் காட்டுகின்றன.

முடிவுரை

குறள் காட்டும் உழவர் தம் விருப்பப்படி மண்ணை உலர்த்துகிறார். கொள்முதல் நிலையத்தில் நிற்கும் உழவர் பிறர் வகுத்த அளவுக்கு நெல்லை உலர்த்துகிறார். அளவீடு தவறானதன்று. ஆனால், மழையால் ஏறிய ஈரத்தை நீக்கும் சுமை முழுவதும் விளைவித்தவர்மீதே விழுகிறது. உலர்களங்களும் உலர்த்தும் கருவிகளும் ஊர்தோறும் அமையும்போதே அச்சுமை பகிரப்படும். ஈரப்பதம் பற்றிய வரலாறு தொழில்நுட்ப வரலாறாக மட்டுமன்றி, உழவரின் தீர்ப்புரிமை குறைந்த வரலாறாகவும் எழுதப்பட வேண்டும்.