பூசை கண்டோம், திருப்பலியில் பங்கேற்றோம்
நம் பகுதியின் வழிபாட்டு வரலாறு

"பூசை கண்டு வந்தேன்" என்பர் நம் பாட்டன்மார். "திருப்பலியில் பங்கேற்றேன்" என்கின்றனர் பேரப்பிள்ளைகள். காண்பதற்கும் பங்கேற்பதற்கும் இடையே ஒரு பெரும் மாற்றம் அடங்கியுள்ளது. அம்மாற்றம் சண்டையின்றி வந்துவிடவில்லை. பழையதே மேல் என்பாரும் புதியதே மேல் என்பாரும் ஒரே பந்தியில் அமர்ந்துள்ள இவ்விழா நாளில், அவ்வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வது பொருத்தமாகும்.

முதல் சர்ச்சை

வழிபாட்டு முறை பற்றிய சர்ச்சை நம் உயர் மறைமாவட்டத்திற்குப் புதிதன்று. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி, இந்நாட்டு உடையையும் பழக்கங்களையும் மேற்கொண்டு மறையைப் போதித்தார். அவர்தம் வழியைச் சிலர் போற்றினர்; சிலர் தூற்றினர். ஒரு நூற்றாண்டு கழித்து உரோமையின் தூதுவர் தெ தூர்னோன் புதுச்சேரிக்கு வந்து, 1704இல் ஓர் ஆணை பிறப்பித்தார். பிற சமயச் சாயலுடைய பல பழக்கங்கள் அதில் தடுக்கப்பட்டன. தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த நோயாளிகளின் இல்லங்களுக்கே குருக்கள் சென்று அருட்சாதனங்களை வழங்கவேண்டும் என்றும் அதில் கூறப்பட்டது. இவ்வாணை பற்றிய வழக்கு நெடுங்காலம் நடந்தது. 1744இல் திருத்தந்தை 14ஆம் ஆசீர்வாதப்பர் முடிவு கூறினார். மலபார்ச் சடங்குகளைப் பற்றி வேதபோதகர்கள் கொடுக்கவேண்டியிருந்த சத்தியம் 1940இல்தான் நீக்கப்பட்டது.

இலத்தீன் பூசை

திரிதெந்து சங்கத்துக்குப்பின் புனித ஐந்தாம் பத்திநாதர் 1570இல் வெளியிட்ட பூசைப் புத்தகமே ஏறத்தாழ 400 ஆண்டுகள் வழக்கில் இருந்தது. குரு பீடத்தை நோக்கி நின்று, நடுப்பகுதியை மெல்லிய குரலில் சொல்வார். பீடச் சிறுவர்கள் பொருள் அறியாமலே இலத்தீனில் மறுமொழி கூறுவர். மக்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பர். மணி ஒலித்ததும் ஆலயம் முழுவதும் தலை தாழ்த்தும். நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தாமல் இருந்து, கிராதியருகே முழந்தாளிட்டு நாவில் நன்மை வாங்குவர். பிரசங்கம் மட்டும் தமிழில் இருக்கும்.

மொழி விளங்காவிடினும் அச்சமும் பக்தியும் அங்கே இருந்தன. உலகில் எங்குச் சென்றாலும் அதே பூசை என்னும் பெருமையும் இருந்தது. இன்றும் முதியோர் சிலர் அந்த மௌனத்தை எண்ணி ஏங்குகின்றனர் என்றால், அதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடலாகாது.

ஆனால் ஒன்றையும் மறத்தலாகாது. புதுச்சேரி ஆலயத்தினுள் சாதிப் பிரிவுக்காக எழுப்பப்பட்டிருந்த சுவர் 1745இல் அகற்றப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். பூசையின் மொழி ஒன்றாக இருந்தது. அதைக் கண்ட மக்களோ சுவரின் இரு புறத்தில் இருந்தனர்.

சங்கம் தந்த மாற்றம்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் திருவழிபாடு பற்றிய சாசனத்தை வெளியிட்டது. மக்கள் உணர்ந்து, முழுமையாக, செயல்முறையில் பங்குபெறவேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. இலத்தீன் ஒழியவேண்டும் என்று அது சொல்லவில்லை. தாய்மொழிக்கு இடம் தந்தது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1969இல் புதிய திருப்பலி நூலை அங்கீகரித்தார். அவ்வாண்டுத் திருவருகைக்கால முதல் ஞாயிறன்று அது நடைமுறைக்கு வந்தது. அப்போது நம் உயர் மறைமாவட்டத்தை வழிநடத்தியவர் பேராயர் அம்புரோஸ் இராயப்பர்.

தமிழில் இறைவாக்கைக் கேட்டபோது மகிழ்ந்தோர் பலர். பீடம் மக்கள் பக்கம் திரும்பியதையும், கிராதி மறைந்ததையும் கண்டு கலங்கினோரும் உண்டு.

பன்னிரண்டு அம்சங்கள்

1969 ஏப்ரல் 25ஆம் நாள் உரோமை இந்தியத் திருச்சபைக்குப் பன்னிரண்டு தழுவல்களை அனுமதித்தது. காலணி கழற்றித் தரையில் அமர்தல், கைகூப்பி வணங்குதல், பூசை உடுப்புக்குப் பதிலாகச் சால்வை, குத்துவிளக்கு, ஆரத்தி, தட்டில் காணிக்கை முதலியன அவற்றுள் அடங்கும். இம்முயற்சிக்கு முன்னின்ற இருவரும் நம் உயர் மறைமாவட்டத்துக் கல்லேரியில் பிறந்த உடன்பிறந்தோர் என்பது நாம் அறியவேண்டிய செய்தி. அண்ணன் பேராயர் லூர்துசாமி, பின்னர் 1985இல் கர்தினால் ஆனார். தம்பி அருட்திரு அமலோற்பவதாஸ், 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுநிலையத்தை நிறுவினார்.

எதிர்ப்பும் கடுமையாக எழுந்தது. இது திருச்சபையை இந்து மயமாக்குவது என்று சென்னையில் விக்டர் குழந்தை என்பவர் நூலே எழுதினார். 1975இல் உரோமையும் சில சோதனை முயற்சிகளுக்கு, குறிப்பாகப் பிற சமய நூல்களைத் திருப்பலியில் வாசிப்பதற்கு, தடை விதித்தது. பின்னாளில் தலித் கிறிஸ்தவ அறிஞர்கள் வேறொரு கேள்வியைக் கேட்டனர்: "இந்தியப் பண்பாடு என்று நீங்கள் கொணர்வது யாருடைய பண்பாடு? எங்கள் பறைக்கு ஏன் இடமில்லை?" மிக நியாயமான இக்கேள்விக்குப்பின், இன்று பல ஆலயங்களில் பறை ஒலிக்கின்றது.

உலகத் திருச்சபையில்

பழைய பூசையை விடமறுத்த பேராயர் லெபேவ்ர், உரோமையின் அனுமதியின்றி 1988இல் நான்கு ஆயர்களை அபிஷேகம் செய்து பிரிந்தார். அவர் நிறுவிய சபை நம் தமிழகத்தில் பாளையங்கோட்டையிலும் வேரூன்றியது. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2007இல் பழைய பூசைக்குத் தாராள அனுமதி தந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல், அது பிளவுக்குக் காரணமாகின்றது என்று கண்டு அவ்வனுமதியைச் சுருக்கினார். இருவர் நோக்கமும் ஒற்றுமையே, வழிதான் வேறு.

நமக்குரிய பாடம்

லால்பேட்டையில் வாழும் நம் இஸ்லாமியச் சகோதரர்கள் அரபியில் தொழுகின்றனர். சிதம்பரத்தில் திருச்சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடுவது பற்றி எழுந்த வழக்கு நாடறிந்தது. 2008இல் அரசு அதற்கு ஆணை பிறப்பித்தது. இறைவனிடம் எந்த மொழியில், எந்த முறையில் பேசுவது என்னும் கேள்வி நம்மைச் சுற்றிலும் உள்ளது. மக்கள் தங்கள் வழிபாட்டை உயிராக மதிப்பதாலேயே இக்கேள்வி எழுகின்றது.

பழைய பூசையிலிருந்து மௌனத்தையும் தாழ்ச்சியையும் இளையோர் கற்கட்டும். புதிய திருப்பலியிலிருந்து இறைவாக்கைக் கேட்டு விடையளிக்கும் துணிவை முதியோர் ஏற்கட்டும். எம்மொழியில் பலி ஒப்புக்கொடுத்தாலும், பக்கத்தில் நிற்பவனைச் சாதி பார்த்து விலக்கினால் பலன் இல்லை. 1745இல் இடிந்த சுவர் நம் உள்ளங்களில் மீண்டும் எழாதிருக்க, நற்கருணை நாதர் இவ்யூபிலி ஆண்டில் நமக்கு அருள்புரிவாராக.