காட்டன் சூது: பருத்தி விலையின் இலக்கங்களும் வடசென்னையில் எஞ்சிய பெயரும்

பதினெட்டாம் நூற்றாண்டில் கருப்பர் நகரைச் சூழ எழுந்த மதிலின் மூலைக் கொத்தளமே மூலக்கொத்தளம் ஆயிற்று எனக் கொள்ளப்படுகிறது. மதில் மறைந்தது, பெயர் நின்றது. இவ்வட்டாரத்தில் இன்னொரு பெயரும் தன் பொருளை இழந்தபின் வாழ்ந்துவருகிறது. எண்களின்மீது பணம் கட்டும் சட்டவிரோத ஆட்டத்திற்கு வண்ணாரப்பேட்டை, இராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி ஆகிய பகுதிகளில் 'காட்டன்' என்று பெயர். கைதுச் செய்திகளிலும் 'காட்டன் சூதாட்டம்' என்றே அது வழங்குகிறது.

அருகிலுள்ள பெரம்பூரில் 1996 வரை இயங்கிய பக்கிங்காம் கர்நாடிக் ஆலையோடு இப்பெயரை இணைத்துக் காணத் தோன்றும். ஆனால், பெயரின் வேர் ஆலையில் இல்லை, சந்தையில் உள்ளது. அதற்குச் சட்டமே சான்று. 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம், திருத்தங்களுடன் இன்று வழங்கும் வடிவில், பருத்தி முதலிய பண்டங்களின் சந்தை விலையின்மீதும் அவ்விலையைக் குறிக்கும் எண்ணின் இலக்கங்களின்மீதும் பந்தயம் கட்டுவதைத் தன் வரையறைக்குள் சேர்த்துள்ளது. விலையையும் விலையின் இலக்கத்தையும் சட்டம் தனித்தனியே குறிப்பிடுவது கருதத்தக்கது.

நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் இறுதி விலையும் தந்திவழியே பம்பாய்க்கு வந்தன. அவற்றின் இலக்கங்களின்மீது பந்தயம் நடந்தது. விலை ஏறுமா இறங்குமா என்பதைப் பருத்தி வணிகர் ஓரளவு கணிக்கலாம். இறுதி இலக்கம் மூன்றா எட்டா என்பது அவருக்கும் தெரியாது. எனவே வணிகரும் சுமை தூக்குபவரும் ஒரே நிலையில் நின்றனர். அதனினும் முதன்மையானது, அந்த எண் கடல் கடந்து வந்தது என்பதாகும். பணம் வாங்குபவரால் அதைத் தொட இயலாது. ஆட்டத்தின் நாணயத்தை, அதனோடு தொடர்பே இல்லாத ஒரு சந்தை தன்னையறியாமல் காத்துநின்றது.

1961இல் அந்த வழி அடைபட்டது. 1962இல் கல்யாண்ஜி பகத்தும் 1964இல் ரத்தன் கத்ரியும் பம்பாயில் தொடங்கிய ஆட்டங்களில் எண்ணைப் பானை தந்தது. 'மட்கா' என்பதன் பொருளே மண்பானைதான். பின்னர்ச் சீட்டுக்கட்டு வந்தது. மூன்று எண்களைக் கூட்டி, கூட்டுத்தொகையின் இறுதி இலக்கத்தைக் கொள்வர். முதற்சுற்று 'ஓப்பன்', இரண்டாம் சுற்று 'குளோஸ்'. சந்தையின் தொடக்க விலையும் இறுதி விலையும் இச்சொற்களில் மட்டும் எஞ்சின.

இவ்வாட்டத்தின் கணிதம் கடினமானதன்று. ஓரிலக்கம் வெல்லும் நிகழ்தகவு பத்தில் ஒன்று. வழக்கமான பரிசு ரூபாய்க்கு ஒன்பது. ஈரிலக்க 'ஜோடி'க்கு நூற்றில் ஒன்று, பரிசு தொண்ணூறு. இரண்டிலும் ஒரு ரூபாயின் எதிர்பார்ப்பு மதிப்பு 90 காசு. 37 குழிகளும் ஒன்றுக்கு முப்பத்தைந்து என்ற பரிசும் கொண்ட ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் சூதாட்ட விடுதிக்கு எஞ்சுவது ரூபாய்க்கு ஏறத்தாழ 2.7 காசு. தெருமுனையில் ஆடுபவர், சூதாட்ட விடுதியில் ஆடுபவரைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விலை தருகிறார்.

இந்தப் பத்துக் காசை ஆடுபவர் ஏன் உணர்வதில்லை? நூறு பேர், ஆளுக்கொரு ஜோடியின்மீது நாளுக்கு ஒரு ரூபாயாக நூறு நாள் கட்டுவதாகக் கொள்ளலாம். நூறு நாளில் ஒருமுறையேனும் எண் விழும் என்பது பரவலான நம்பிக்கை. 0.99இன் நூறாம் அடுக்கோ ஏறத்தாழ 0.37. அதாவது 37 பேருக்கு ஒருமுறைகூட விழாது. மேலும் ஏறத்தாழ 37 பேருக்குச் சரியாக ஒருமுறை விழும். அவர்கள் நூறு கட்டித் தொண்ணூறு பெற்றவர்கள். தோற்றும் 'பரிசு விழுந்தவர்' எனப் பெயர் பெறுபவர்கள் இவர்களே. ஆட்டத்தின் புகழ் பரவுவதும் பெரிதும் இவர்களால்தான். உண்மையில் ஆதாயம் காண்பவர் எஞ்சிய 26 பேர் மட்டுமே.

இக்கணக்கு முழுவதும் ஓர் எடுகோளைச் சார்ந்தது: கட்டப்பட்ட பணத்தை அறியாமல் எண் எடுக்கப்பட வேண்டும். நியூயார்க் விலை இருந்தவரை அது தானே நிறைவேறியது. எடுப்பவரும் பணம் வாங்குபவரும் ஒருவரே ஆகும்போது அதற்கு உறுதியில்லை. ஓரிலக்கங்களின்மீது மொத்தம் 1000 ரூபாய் சேர்ந்து, ஏழின்மீது 40 ரூபாய் மட்டுமே இருப்பதாகக் கொண்டால், ஏழை 'வரவைப்பவர்' 360 ரூபாய் தந்து 640 ரூபாயைத் தாமே கொள்ளலாம். அப்போது பத்தில் ஒன்று என்பது நிகழ்தகவே அன்று. அது எடுப்பவரின் விருப்பம். 1654இல் பாஸ்கலும் பெர்மாவும் கடிதவழி வளர்த்த கணக்கு அங்கே செல்லாது.

நீதிமன்றங்கள் வேறொரு வினாவையே பெரிதும் எழுப்பின. 1957இன் சமர்பாக்வாலா வழக்கு, ரம்மி பற்றிய 1968இன் சத்யநாராயணா வழக்கு, குதிரைப் பந்தயம் பற்றிய 1996இன் லட்சுமணன் வழக்கு ஆகியவை திறமையா, வாய்ப்பா என்னும் அளவுகோலைக் கொண்டவை. ஆடுபவரின் அறிவை அளக்க அது பொருந்தும். எண் எங்கிருந்து வருகிறது, ரூபாயில் எவ்வளவு திரும்புகிறது என்னும் வினாக்கள் அதில் அடங்கா. காட்டனில் பணம் கட்டுபவருக்கு இவ்விரண்டுமே முதன்மையானவை.

1968இல் தொடங்கிய தமிழ்நாடு அரசுப் பரிசுச்சீட்டின் வழியில் வளர்ந்த விற்பனை 2003இல் தடைசெய்யப்பட்டது. அதன்பின் பரவிய சட்டவிரோத 'மூன்று நம்பர் லாட்டரி', கேரள அரசுப் பரிசுச்சீட்டு முடிவின் இறுதி மூன்று இலக்கங்களைப் பயன்படுத்திக்கொண்டது. உள்ளூர்த் தரகரால் தொட முடியாத எண் மீண்டும் தேவைப்பட்டது. இம்முறை அது நியூயார்க்கிலிருந்து வரவில்லை, திருவனந்தபுரத்திலிருந்து வந்தது.