கட்டியவர் யார்?

சரித்திரக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. எந்தக் கோயிலுக்குள் காலடி வைத்தாலும், "இதைக் கட்டிய அரசன் யார்?" என்று கேட்டுவிடுவார்கள். பெயர் கிடைத்ததோ இல்லையோ, அவனுக்கு ஒரு பட்டத்து ராணியையும் ஒரு சதிகார மந்திரியையும் சேர்த்து, மனத்துக்குள்ளேயே முதல் அத்தியாயத்தைத் தொடங்கிவிடுவார்கள். நான் கம்போடியாவில் அங்கோர் கோயில்களைப் பார்க்கப் போனபோது, இந்த வழக்கமும் என்னுடனேயே வந்திருந்தது.

எனக்கு வாய்த்த வழிகாட்டி அந்த ஊர்க்காரர், அறுபதை எட்டியவர். ஒல்லியான தேகம், அளந்து பேசும் சுபாவம். முதல் நாள் அங்கோர் வாட்டில் என் கேள்வியைக் கேட்டேன். "இரண்டாம் சூரியவர்மன்" என்றார். பாயோன் கோயிலில், புன்னகை புரியும் கல் முகங்களுக்குக் கீழே நின்று கேட்டேன். "ஏழாம் ஜயவர்மன்" என்றார். மறுநாள் காலை, பாயோனுக்குச் சற்று வடமேற்கே இருக்கும் பாபுவோன் என்ற கோயிலுக்கு அழைத்துப் போனார். குட்டையான உருண்டைத் தூண்கள் தாங்கி நிற்கும் கற்பாதை ஒன்று சுமார் 200 மீட்டர் நீளத்துக்குப் போகிறது. அதன் முடிவில், படிப்படியாய் அடுக்கிய மலையைப் போலக் கோயில் எழும்பி நிற்கிறது. வழக்கம்போலக் கேட்டேன்.

அவர் சட்டென்று நின்றார். "இதை இரண்டு தடவை கட்டினார்கள், ஐயா. தாங்கள் எந்தத் தடவையைக் கேட்கிறீர்கள்?"

முதல் தடவையின் கதை, நாம் எதிர்பார்க்கக்கூடியதுதான். 11-ஆம் நூற்றாண்டின் நடுவில், இரண்டாம் உதயாதித்யவர்மன் சிவபெருமானுக்கு எடுத்த ஆலயம் இது. நம் ராஜேந்திர சோழர் மறைந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம். ராஜேந்திரருக்குக் காம்போஜ மன்னன் ஒருவன் தேர் அனுப்பிய செய்தியைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறதல்லவா? அவன் உதயாதித்யவர்மனுக்கு முன் ஆண்ட முதலாம் சூரியவர்மன்தான் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. 1296-இல் அங்கோருக்கு வந்த சீனத் தூதுக்குழுவைச் சேர்ந்த சூ தாகுவான் இந்தக் கோயிலை வெண்கலக் கோபுரம் என்றே குறித்து வைத்திருக்கிறார்.

ஆனால் வெண்கலக் கோபுரத்தின் வயிற்றில் இருந்தது மணல்! மணல் மேட்டைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பியிருந்தார்கள். மழைநீர் உள்ளே இறங்கும்போதெல்லாம் மணல் சுவரை நெட்டித் தள்ளியது. சுவர்கள் சரிந்தன. பிற்காலத்தில் பௌத்தர்கள் இங்கிருந்த கற்களை எடுத்தே, மேற்குப் புறத்தில் சுமார் 70 மீட்டர் நீளமுள்ள சயன புத்தரை அமைத்தார்கள்.

1960-களில் பிரெஞ்சுத் தொல்பொருள் நிபுணர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கோயிலைப் பிரித்தாலன்றி அதைக் காப்பாற்ற முடியாது! ஏறக்குறைய மூன்று லட்சம் கற்கள். இடையே சுண்ணாம்புச் சாந்து கிடையாது. ஒவ்வொரு கல்லும் தன் இடத்துக்கென்றே இழைத்தது, வேறிடத்தில் பொருந்தாது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, ஏட்டில் பதிந்து, சுற்றிலும் காட்டுத் தரையில் பரப்பினார்கள்.

"கல் இறக்கிய கூட்டத்தில் என் அப்பாவும் இருந்தார்" என்றார் வழிகாட்டி.

1970-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. சிறிது காலத்தில் வேலை நின்றது. 1975-இல் கெமர் ரூஜ் ஆட்சி வந்தது, குறிப்பேடுகள் அழிந்தன. நான்கு வருஷத்துக்கும் குறைவான அந்த ஆட்சியில் மடிந்தவர்கள் 15 முதல் 20 லட்சம் பேர் என்று கணக்கிடுகிறார்கள்.

"அப்போது எனக்குப் பதினொரு வயது. எங்களை வயல் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அப்பா திரும்பி வரவில்லை."

கற்களின் கணக்கைச் சொன்ன அதே குரலில்தான் இதையும் சொன்னார். எனக்குத்தான் அண்ணாந்து கோபுரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

1995-இல், பாஸ்கல் ரொவாயே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரின் தலைமையில் வேலை மறுபடியும் தொடங்கியது. மூன்று லட்சம் கற்கள் காட்டில் கிடந்தன. எது எங்கே என்று சொல்லும் ஏடு இல்லை. பாரிஸில் தப்பியிருந்த பழைய புகைப்படங்கள் உதவின. கல் கல்லாக அளந்தார்கள். பழைய தொழிலாளிகளில் உயிரோடு மிஞ்சியிருந்தவர்களின் ஞாபகமும் உதவியது. அவர்களுள் ஒருவர் நம் வழிகாட்டியின் சிற்றப்பா.

"அவர் கல்லைத் தடவிப் பார்ப்பார். சில நாள் முழுவதும் ஒன்றும் சொல்லமாட்டார். சில நாள், இது மேற்குப் பக்கத்துக் கல் என்பார். பொருத்திப் பார்த்தால் சரியாக உட்காரும்."

சிற்றப்பாவோடு இவரும் கூலியாளாகச் சேர்ந்துகொண்டார். 16 வருஷங்களுக்குப் பிறகு, 2011 ஜூலையில், மன்னர் நொரொதம் சிகாமணி கோயிலைத் திறந்து வைத்தார். சிவன் கோயிலும் எழுந்தது. சயன புத்தரும் தம் இடத்திலேயே இருக்கிறார்.

நான் அசட்டுத்தனமாக ஒரு கேள்வி கேட்டேன். "தங்கள் அப்பா இறக்கிய கற்கள் எவை என்று தெரியுமா?"

"தெரியாது, ஐயா. அதனால் எல்லாக் கல்லையும் ஜாக்கிரதையாகத் தூக்கினேன்."

இந்தப் பதிலுக்குப் பிறகு ராணியும் மந்திரியும் எனக்கு எதற்கு? பேசாமல் மேலே ஏறினேன். அங்கிருந்து பார்த்தால், இடம் தெரியாத சில கற்கள் இன்னும் மரத்தடியில் கிடப்பது தெரிகிறது. அவர் அவற்றையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது, மரப்படி முடிந்து கல்லில் கால் வைக்க வேண்டிய இடத்தில் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டாயிற்று. அவர் கீழே நின்று கையை நீட்டினார்.

"தைரியமாக வையுங்கள், ஐயா. அந்தக் கல் ஆடாது."

கட்டியவரே சொல்லும்போது நம்பாமல் இருக்கலாமா? வைத்தேன். ஆடவில்லை.